அப்பாவின் டிரிப் ஷீட்டும் ஆயிரத்து ஐநூறு மைலும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. தீசிஸ், டிஃபன்ஸ், அப்புறம் வேலை தேடும் படலம்னு ஆணி கொஞ்சம் அதிகம். கடையைச் சாத்திட்டுப் போயிட்டாளோன்னு நினைச்சவங்களுக்கு: இல்லை, இன்னும் ஷட்டர் பாதி திறந்துதான் இருக்கு :-)

2025 மே மாசம் அப்பாவும் அம்மாவும் என் பட்டமளிப்புக்கு வந்திருந்தாங்க. அப்போ அவங்களை யூட்டா, அரிசோனா பக்கம் பத்து நாள் காரில் கூட்டிட்டுப் போனேன். "பேரண்ட்ஸ் வர்றாங்க, எங்கே கூட்டிட்டுப் போகலாம், எப்படித் திட்டம் போடுறது?"ன்னு அப்போதிலிருந்து நாலைந்து பேர் கேட்டாச்சு. தனித்தனியா பதில் எழுதி கை வலிக்குது. அதான் மொத்தமா ஒரு பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி

அப்பா அரசு பஸ் டிரைவர். 29 வருஷ சர்வீஸ், அதில் பாதிக்கு மேல நாமக்கல் - கொல்லிமலை ரூட். கொல்லிமலை ரோடு தெரியாதவங்களுக்கு: 70 கொண்டை ஊசி வளைவு. ஊட்டிக்குப் போறவங்க கல்லட்டி ரோட்டைச் சொல்லி பீத்திக்கும்போது எங்க ஊர்க்காரங்க ஒரு மாதிரி சிரிப்போம் பாருங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

பொங்கல், தீபாவளி, ஆடிப்பெருக்கு, எல்லாத்துக்கும் ஊரே பஸ் ஏறி எங்கேயாவது போகும். அந்த பஸ்ஸை ஓட்டுறவர் எங்கப்பா. அதனால நாங்க எங்கேயும் போனதில்லை. ரிட்டயர் ஆன பிறகாவது போவாங்கன்னு பார்த்தா, அம்மாவுக்கு மூட்டு வலி. இருபத்தி நாலு வருஷத்தில் நாங்க மூணு பேரும் சேர்ந்து ஊர் சுத்திப் பார்க்கன்னு ஒரே வண்டியில் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை, பழனிக்கு. அன்னிக்கும் அப்பா ஜன்னல் பக்கம் பார்க்கலை, டிரைவர் கியர் மாத்துறதைத்தான் பார்த்துட்டு வந்தார்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நான் இங்கே வந்த முதல் வருஷம், தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ரூம்மேட்ஸ் நாலு பேர் ஒரு ரோடு டிரிப் போனோம். மூணு நாளில் முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் பார்த்துடணும்னு ஒரு வெறி. திரும்பி வரும்போது ராத்திரி ரெண்டு மணி, நான்தான் ஓட்டுறேன், பதினோரு மணி நேரமா. மத்த மூணு பேரும் தூக்கம். திடீர்னு 'டர்ர்ர்ர்'னு ஒரு சத்தம். ரோட்டோரத்துல வரி வரியா செதுக்கி வச்சிருப்பாங்களே, அதுமேல வண்டி ஏறியிருந்தது. அந்தச் சத்தத்துலதான் கண்ணைத் திறந்தேன். கண்ணை மூடினதே எனக்குத் தெரியாது. வண்டியை ஓரம் கட்டிட்டு, கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. வீட்டில் சொல்லலை. சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல.

இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் இந்தத் திட்டத்தை ஆரம்பிச்சேன்.

எக்செல் ஷீட்டும் ஒரே ஒரு கேள்வியும்

என் முதல் திட்டம் ஏழு நாள். லாஸ் வேகஸில் இறங்கி ஸயன், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மானுமெண்ட் வேலி, ஆண்டலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன், மறுபடி வேகஸ். மணி வாரியா எக்செல் ஷீட். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் வேற. பெருமையா வாட்சப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன்.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணார். "பாப்பா, எல்லாம் நல்லா போட்டிருக்கறே. இதுல டிரைவருக்குச் சாப்பாடு எங்கே?"

பார்த்தா நிஜமாவே இல்லை. சூரிய உதயம் 6:10, சூரிய அஸ்தமனம் 8:25 எல்லாம் இருக்கு, மதியச் சாப்பாடு இல்லை. பாத்ரூம் இல்லை. அம்மா கால் நீட்டி உட்கார நேரம் இல்லை. பெட்ரோல் போட நேரம் இல்லை.

அப்புறம் அப்பா போன்லயே ஒரு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார். நான் எழுதிக்கிட்டேன். அதான் கீழே, கொஞ்சம் என் பாஷையில்:

1. பொழுது சாய்ஞ்சா வண்டி நிக்கணும். (இந்த ஊர்களுக்கு இது ரெண்டு மடங்கு சரி. யூட்டா ரோட்டில் ராத்திரி மான் குறுக்கே வரும். வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடும் வரும். தவிர, பார்க்கப் போன இயற்கைக் காட்சியை இருட்டில் கடந்து என்ன புண்ணியம்?)

2. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்கணும். டிரைவர் மட்டும் இல்லை, எல்லாரும்.

3. டேங்க் பாதி ஆனா ரொப்பிடணும். முள் கீழே போற வரைக்கும் பார்க்கக்கூடாது.

4. ஏத்தத்துல எந்த கியரோ, எறக்கத்துலயும் அதே கியர். ("ஆட்டோமேட்டிக்ப்பா"ன்னேன். "அதுல 'எல்'ன்னோ மைனஸ் குறி போட்டோ ஒண்ணு இருக்கும், அதைத் தேடு"ன்னார். இருந்தது!)

5. ஒரு நாளைக்கு ஒரு பெரிய எடம், ரெண்டு சின்ன எடம். அதுக்கு மேல போனா எதுவும் மனசுல நிக்காது.

அஞ்சாவது விதியால ஏழு நாள் பத்து நாள் ஆச்சு. ஹோட்டல் செலவு ஏறிச்சு. அதைச் சமாளிக்க ஒரு ரைஸ் குக்கரும் ஒரு ஐஸ் பெட்டியும் கூட வந்தது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், பருப்புப் பொடி. பத்து நாளில் ஹோட்டலில் சாப்பிட்டது நாலே வேளை.

திட்டம் போடறவங்களுக்குக் கணக்கு வழக்கு

வட்டமா போற பாதையா வச்சுக்கோங்க. ஒரு ஊரில் காரை எடுத்து இன்னொரு ஊரில் விட்டா அதுக்குத் தனிக் காசு. 25 வயசுக்குக் கீழேன்னா வாடகை கம்பெனிக்காரங்க தினப்படி கூடுதலா ஒண்ணு போடுவாங்க, எனக்கும் போட்டாங்க. எனக்கு 25 முடிய அப்போ நாலே மாசம். அவ்வ்வ்வ்.

தூரம் தோராயமா இப்படி: வேகஸ் - ஸயன் 160 மைல், ஸயன் - பிரைஸ் 85, பிரைஸ் - டோரி 115, டோரி - மோவாப் 150, மோவாப் - மானுமெண்ட் வேலி 150, அங்கிருந்து பேஜ் 125, பேஜ் - கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 140, அங்கிருந்து வேகஸ் 280. மொத்தம் 1,200 மைல். பூங்காக்களுக்கு உள்ளே சுத்துறதைச் சேர்த்தா 1,500. கூகிள் சொல்ற நேரத்தை மலைப்பாதையில் ஒன்றரையால் பெருக்கிக்கோங்க. பல இடத்தில் சிக்னல் சுத்தமா கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க.

அனுமதிச் சீட்டு: நாங்க போன 2025இல் காருக்கு ஸயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் தலா 35 டாலர், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தலா 30, கேப்பிடல் ரீஃப் 20. கூட்டினா 185. அதுக்குப் பதிலா 80 டாலர் வருஷ பாஸ் எடுத்தோம். 2026 ஜனவரியில் இந்த விதி மாறிடுச்சு: இங்கே குடியிருக்கறவங்களுக்கு 80, வெளிநாட்டிலிருந்து வர்றவங்களுக்கு 250. ஊரிலிருந்து பெற்றோர் வந்தா எந்தக் கணக்கில் வரும்னு பூங்கா தளத்தில் பார்த்துட்டு அப்புறம் காசு கட்டுங்க. மானுமெண்ட் வேலியும் ஆண்டலோப் கேன்யனும் நவஹோ மக்களுடைய நிலம். அங்கே இந்த பாஸ் செல்லாது, கட்டணம் தனி.

அப்புறம் கடிகாரம். இதுதான் எல்லாரையும் கவுக்கும். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள்ளே நுழைஞ்சதும் ஒரு மணி நேரம் காணாமப் போயிடும். அரிசோனாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாத்த மாட்டாங்க. ஆனா அரிசோனாவுக்குள்ளேயே இருக்கிற நவஹோ நிலத்தில் மாத்துவாங்க! அதனால கோடையில் மானுமெண்ட் வேலியில் காலை 9 மணின்னா பேஜ் ஊரில் 8 மணி. ஆண்டலோப் கேன்யன் நவஹோ நிலம்தான், ஆனா டூர் எல்லாம் பேஜ் ஊர் நேரப்படி ஓடுது. போன் வேற எந்த டவரைப் பிடிக்குதோ அந்த நேரத்தைக் காட்டும். அப்பா கையில் கட்டியிருந்த பழைய வாட்ச்சை பேஜ் நேரத்துக்கு வச்சுட்டார், நாங்க அதையே நம்பினோம்.

ஸயன்: அப்பா வணக்கம் வச்ச டிரைவர்

முதல் ரெண்டு ராத்திரி ஸ்பிரிங்டேல் ஊரில். ஸயன் பள்ளத்தாக்குக்குள்ளே மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காரில் போக முடியாது, பூங்கா பஸ்தான், அதுக்குக் காசு இல்லை. எல்லாமே பேட்டரியில் ஓடற மின்சார பஸ்கள். ரெண்டு பக்கமும் செங்குத்தா செம்பாறைச் சுவர், எல்லாரும் கழுத்தை வளைச்சு மேலே பார்த்துட்டு வர்றாங்க. எங்கப்பா? முன் சீட்ல உட்கார்ந்து டிரைவரையே பார்த்துட்டு வர்றார்.

"கிளட்ச் இல்ல, கியர் இல்ல, சத்தமும் இல்ல. இதுல ஓட்டறதுக்கு என்ன இருக்குது?"ன்னார். இறங்கும்போது டிரைவரம்மாவுக்கு (ஆமா, அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா) கை கூப்பி வணக்கம் வச்சார். "இவரும் டிரைவர்தான், 29 வருஷம் மலைப் பாதையில்"னு நான் மொழிபெயர்த்தேன். அந்தம்மா சீட்டை விட்டு எழுந்து கை குலுக்கினாங்க. அன்னிக்குப் பூரா அப்பா முகத்தைப் பார்க்கணுமே!

ரிவர்சைடு வாக் மட்டும் நடந்தோம், ஆத்தங்கரையோரம் சமதளம், அம்மாவால முடிஞ்சது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறணும்னா 2022லிருந்து குலுக்கலில் அனுமதி வாங்கணும். நான் போடவே இல்லை. இந்தத் தடவை இது என் டிரிப் இல்லை.

கிழக்குப் பக்கமா வெளியே போகும்போது ஒரு சுரங்கப்பாதை, 1.1 மைல் நீளம், 1930இல் திறந்தது. உள்ளே விளக்கு கிடையாது, பாறையில் அங்கங்கே ஜன்னல் மாதிரி வெட்டி விட்டிருக்காங்க. "தொண்ணூத்தஞ்சு வருஷமா!"ன்னு அப்பா முதல் தடவையா ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் மனசுக்குள்ளே ஒரு கோடு போட்டுக்கிட்டேன்.

பிரைஸ்: தொட்டபெட்டாவை விட உசரம்

ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. மே மாசம்னு ஏமாந்துடாதீங்க. கடைசி முனையான ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி. நம்ம தொட்டபெட்டாவே 8,650 அடிதான். ராத்திரி பல்லு தந்தி அடிச்சுது.

பிரைஸில் பாறை எல்லாம் ஆயிரக்கணக்கான தூண்களா நிக்கும். விரிசல்ல இறங்கின தண்ணி ராத்திரி உறைஞ்சு விரியும், பகல்ல உருகும். வருஷத்துல ஏறக்குறைய பாதி நாள் இதே வேலை. இப்படியே அரிச்சு அரிச்சு வந்த உருவம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கோயில் கோபுரத்தைச் செதுக்க ஆரம்பிச்சு பாதில நிறுத்தின மாதிரி இருக்குது"ன்னாங்க. நான் படிச்ச எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இவ்வளவு சரியா எழுதலை.

ஒரு உபயோகமான குறிப்பு: 18 மைல் ரோட்டில் நேரா கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு இடமா நில்லுங்க. பார்வையிடங்கள் எல்லாம் கிழக்குப் பக்கம். திரும்பி வர்றப்போ எல்லாமே வலப்பக்கத் திருப்பம், எதிர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். இதை மேப்பைப் பார்த்ததுமே சொன்னவர் யார்னு நான் சொல்லத் தேவையில்லை.

நெடுஞ்சாலை 12: முதுகெலும்பு மேல கார்

இந்தப் பதிவில் ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கிறதுன்னா, இந்த ரோட்டை வச்சுக்கோங்க. பேங்விச் பக்கத்துலேர்ந்து டோரி வரைக்கும் சுமார் 124 மைல். பூங்காவிலிருந்து பூங்காவுக்குப் போற வழின்னு நினைச்சு வேகமா தாண்டிடாதீங்க. ஒரு முழு நாள் குடுங்க.

எஸ்கலாண்டேவில் பெட்ரோல் போட்டுட்டு (பாதி டேங்க் விதி!) போனா, பௌல்டர் ஊருக்கு முன்னாடி ஹாக்பேக்னு ஒரு இடம். ஒரு மலை முகட்டோட மேல் விளிம்பிலேயே ரோடு போகுது. ரெண்டு பக்கமும் பள்ளம். தடுப்புச் சுவர் கிடையாது. ரெண்டே ரெண்டு தடம்.

அதுவரைக்கும் நாலு நாளா அப்பா வாயே திறக்கலை. ஆனா ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தும், எனக்குத் தெரியும். ஹாக்பேக்ல ஏறினதும் எனக்குக் கை வேர்த்துடுச்சு. வேகம் குறையுது, பின்னாடி ஒரு வண்டி ஒட்டிக்கிட்டு வருது, நான் இடது பக்கப் பள்ளத்தையே பார்க்கிறேன்.

"பாப்பா, பள்ளத்தைப் பாக்காதே. ரோட்டைப் பாரு, வளைவு முடியற எடத்தைப் பாரு. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும்." அவ்வளவுதான் சொன்னார். குரல் கூட உசத்தலை. "பின்னாடி வர்றவனுக்கு அவசரம்னா அவன் பாடு. ஒதுங்க எடம் வந்ததும் விட்டுரு."

விட்டேன். அவன் கை காட்டிட்டுப் போனான்.

பௌல்டர் ஒரு குட்டி ஊர், ஒரு காலத்தில் கோவேறு கழுதை மேலதான் தபாலே வருமாம். அங்கே ஒரு மர நிழலில் நிறுத்தி, பிளாஸ்கை எடுத்தோம். என்ன தோணுச்சோ, அந்த தேங்க்ஸ்கிவிங் ராத்திரி கதையை அப்பாகிட்ட சொல்லிட்டேன். பதினோரு மணி நேரம், ரெண்டு மணி, 'டர்ர்ர்ர்', எல்லாம்.

திட்டு விழும்னு பார்த்தேன். அப்பா டீயை ஆத்திக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஒரு தீபாவளி ஸ்பெஷல். மூணு நாளா வீட்டுக்கு வரலை, டபுள் டூட்டி. விடிகாலைல எனக்கும் கண்ணு சொருகிருச்சு. கண்டக்டர் தோளைத் தொட்டாரு. தொடலைன்னா என்னாயிருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுப் பாக்கறதில்லை. அம்பத்தெட்டுப் பேரு உள்ளே." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்குத்தான் டிரைவருக்குச் சாப்பாடு எங்கேன்னு கேட்டேன்"ன்னார்.

பின் சீட்டில் கதவைத் திறந்து வச்சு கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவை ரெண்டு பேரும் மறந்தே போயிட்டோம். அவங்களுக்கு ரெண்டு கதையுமே புதுசு. எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "இன்னும் யாராச்சும் எதாச்சும் சொல்றதுக்கு இருக்குதா, இல்ல முறுக்கு எடுக்கட்டா?"ன்னாங்க. அப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேருகிட்டயும் பேசவே இல்லை. அந்த முறுக்கு மட்டும் வந்தது.

அந்த அரை மணி நேரத்தில்தான் பௌல்டர் மலை ஏறினோம். மேலே 9,600 அடி, ஆஸ்பென் மரங்கள், கீழே கண்ணுக்கு எட்டின வரைக்கும் செம்பாறை. "ஏனுங்க, அங்க பாருங்க"ன்னு முதல்ல பேசினது அம்மாதான்.

மீதி நாட்கள், வேகமா

கேப்பிடல் ரீஃப்: பாலைவனத்துக்கு நடுவுல ஃப்ரூட்டான்னு ஒரு பழத்தோட்டம், 1880களில் மார்மன் குடியேறிகள் வச்சது. பழ சீசன்ல நாமே பறிச்சு தோட்டத்துக்குள்ளே சாப்பிட்டா காசு இல்லை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாத்தான் காசு. நாங்க போனப்போ எல்லாம் பிஞ்சு. ஆனா அம்மா வாய்க்கால்ல தண்ணி பாயறதைப் பார்த்துட்டு மரத்துக்கு மரம் நடந்தாங்க, மூட்டு வலி எங்கே போச்சோ. கிஃபர்ட் ஹவுஸில் பழ பை வாங்கிச் சாப்பிடுங்க. ரோட்டோரப் பாறையில் ஃப்ரீமாண்ட் மக்கள் செதுக்கின பழைய உருவங்கள் இருக்கு, மரப்பாதையில் நின்னு பார்க்கலாம்.

ஆர்ச்சஸ்: 2025இல் காலை 7 முதல் மாலை 4 வரை நுழைய முன்பதிவு வேணும். நாங்க 6:40க்கே உள்ளே போயிட்டோம். இந்த விதி வருஷத்துக்கு வருஷம் மாறுது, கிளம்பும் முன் பாருங்க. டெலிகேட் ஆர்ச்சுக்கு நேரா போற பாதை போக வர 3 மைல், 480 அடி ஏத்தம். பெரியவங்களுக்கு கீழ்ப் பார்வையிடம் இருக்கு, நூறு கஜம் நடந்தா போதும், வளைவு தூரத்தில் சின்னதா தெரியும். விண்டோஸ், டபுள் ஆர்ச் பக்கம் கிட்டக்கவே போய் நிக்கலாம்.

டெட் ஹார்ஸ் பாயிண்ட்: இது மாநிலப் பூங்கா, தனிக் கட்டணம். கொடுங்க. கொலராடோ ஆறு 2,000 அடி கீழே வளைஞ்சு போகுது. அம்மாவுக்குக் கிராண்ட் கேன்யனை விட இதுதான் பிடிச்சது. "அங்க பெருசா இருக்குது, இங்க புரியுது"ன்னாங்க.

மானுமெண்ட் வேலி: உள்ளே 17 மைல் மண் ரோடு. வாடகைக் கார் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மண் ரோட்டுக்கு அனுமதி இருக்காது, படிச்சுப் பாருங்க. நாங்க நவஹோ வழிகாட்டியோட ஜீப்பில் போனோம். "நாமக்கல் கோட்டை மலையைக் கொண்டாந்து வரிசையா வச்ச மாதிரி"ன்னு அப்பா. இந்தத் தடவை அவர் டிரைவரைப் பார்க்கலை!

ஆண்டலோப் கேன்யன்: 1997 ஆகஸ்டில் எங்கேயோ பெய்ஞ்ச மழையில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்துட்டாங்க. வழிகாட்டி இல்லாம யாரையும் விட மாட்டாங்க. லோயர் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு, மூட்டு வலிக்காரங்களுக்கு ஆகாது. அப்பர்ல குகைக்குள்ளே தரை சமம். புக் பண்ணும்போதே நடை எவ்வளவுன்னு கேட்டுடுங்க.

கிராண்ட் கேன்யன்: பேஜிலிருந்து கேமரன் வழியா வந்தா கிழக்கு வாசல். டெசர்ட் வியூ கோபுரம், 1932இல் மேரி கோல்டர் கட்டினது, முதல்ல அங்கே நில்லுங்க. கூட்டம் குறைவு. நான் முதல்ல வடக்கு விளிம்புக்குத்தான் ஆசைப்பட்டேன். மே நடுவுலதான் திறப்பாங்கன்னு தெற்குக்கு மாத்தினேன். நாங்க திரும்பின ரெண்டே மாசத்தில், 2025 ஜூலையில், காட்டுத்தீயில் வடக்கு விளிம்பு லாட்ஜே எரிஞ்சு போச்சு. பார்க்க நினைச்ச இடத்தை முடிஞ்சப்போ பார்த்துடணும் மக்களே.

மறுபடி போனா என்ன மாத்துவேன்?

மோவாப்பில் இன்னொரு ராத்திரி சேர்ப்பேன். கிராண்ட் கேன்யன் - வேகஸ் 280 மைலை ஒரே நாளில் வைக்க மாட்டேன், நடுவில் வில்லியம்ஸ் ஊரில் தங்குவேன். கடைசி நாள் எல்லாருக்கும் அசதி, அன்னிக்குத்தான் நீளமான ஓட்டம்னு வச்சது என் தப்பு. மதியம் கிங்மேன் பக்கத்தில் கண்ணு லேசா எரிஞ்சது. பழைய நானா இருந்தா "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே"ன்னு அழுத்தியிருப்பேன். ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, சீட்டைச் சாய்ச்சு, இருபத்தஞ்சு நிமிஷம் தூங்கினேன். யாரும் எதுவும் கேட்கலை. முழிச்சுப் பார்த்தா அப்பா வெளியே நின்னு கண்ணாடியைத் துடைச்சுட்டு இருந்தார்.

ஏர்போர்ட்டில் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். பத்து நாளும் டிரிப் ஷீட் எழுதியிருக்கார், எனக்கே தெரியாம. கிளம்பின நேரம், நின்ன இடம், மீட்டர், எத்தனை காலன், எல்லாம். கடைசிப் பக்கத்தில் மொத்தம்: 1,486 மைல், 48 காலன், லிட்டருக்கு 13.16 கிலோமீட்டர்.

"எங்க டிப்போவுல இருந்தா உனக்கு டீசல் சிக்கன அவார்டு"ன்னார். டிரைவர் பேர் எழுதற இடத்தில் என் பேர் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு வாங்கி வச்சிருக்கேன்.

பி.கு. 1: மறுபடி வாங்கன்னு அம்மாகிட்ட சொன்னப்போ, "அடுத்த தடவை பின் சீட்டுக்கும் ஒரு விதி வேணும்"ன்னாங்க. என்ன விதின்னு இன்னும் சொல்லலை.

பி.கு. 2: தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன். வெயில் காலத்தில் அதுக்கும் மேல. சந்தேகம் இருந்தா பின்னூட்டத்தில் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியலைன்னா நாமக்கல்லுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன் :-)